மேசைமேல் வைத்த பொய்வாய்

நோய்ஹோஃப் ஊர்க் குறிசுடுவோர் சங்கத்தின் ஏப்ரல் மாதக் கூட்டத்தில் தலைவர் லெஸ்டர் வோல்ட்மன் எழுந்து நின்று ஒரு புது விதியை வாசித்தார். வாசித்து முடித்ததும் அறையில் இருந்த தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. ஜன்னலோரத்தில் பீர் கோப்பையோடு பல் டாக்டர் இர்மா டீட்ஸ் உட்கார்ந்திருந்தாள். விதியில் அவள் பெயர் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

விதி இதுதான்: ஜூன் மாதப் பழந்துப்பாக்கிப் போட்டிக்கு வரும் எந்தத் துப்பாக்கிக்கும், அதற்கே உரிய பொய்வாய் இன்னும் உலகத்தில் இருக்குமானால், அது இல்லாமல் அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது.

"தொலைஞ்சுபோச்சுன்னா பிரச்சினை இல்ல," என்று லெஸ்டர் பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டார். "நம்ம ஆளுங்க பாதிப்பேர் துப்பாக்கிக்கு அது எப்பவோ தொலைஞ்சாச்சு. அவங்க தாராளமா சுடட்டும். இருந்தும் இல்லாமச் சுடறோம் பாருங்க, அதுதான் அவமானம்."

"லெஸ்டர், இதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணுமா?" என்றாள் இர்மா. "'இர்மா வரக்கூடாது'ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிருக்கலாமே."

சிலர் சிரித்தார்கள். ஆனால் வாக்கெடுப்பு என்று வந்தபோது சிரித்தவர்களின் கைகளும் மேலே போயின. சோள விதைப்புக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. விஸ்கான்சினில் அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் விதை விற்பவர் லெஸ்டர். விதைப்புச் சமயத்தில் அவருடைய விதிக்கு எதிராகக் கை தூக்க எவனுக்கு மனசு வரும்?

பொய்வாய் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நூறு வருடத்துக்கு முந்தைய ஒற்றைக்குண்டுத் துப்பாக்கிகளில், குறிபார்த்துச் சுடுவதற்கென்றே செய்த நல்ல ரகங்களுக்கு, ஈயக் குண்டைக் குழலின் வாய் வழியாகத் திணிப்பார்கள். வெடிமருந்து அடைத்த பித்தளைக் கூட்டைப் பின்பக்கமாக வைப்பார்கள். திணிக்கும்போது குழலின் விளிம்பு தேய்ந்துவிட்டால் குறி கெட்டுப்போகும். அதனால் அந்தக் குழலிலிருந்தே விரல் நீளத்துக்கு ஒரு துண்டை அறுத்து, நான்கு சிறு முளைகள் வைத்து, வாயில் பொருந்தும்படி செய்துவிடுவான் கொல்லன். அதை மாட்டி, குண்டைத் திணித்து, பிறகு கழற்றிவிட்டுச் சுட வேண்டும். ஒரு குழலின் பொய்வாய் இன்னொரு குழலுக்குப் பொருந்தாது. தொலைந்தால் தொலைந்ததுதான்.

இர்மாவின் துப்பாக்கிக்கு அது தொலையவில்லை. லெஸ்டரின் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் மெத்தையில் உட்கார்ந்திருந்தது. தகராறே அதுதான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், இறந்துபோன ஒரு பண்ணைக்காரரின் சாமான்களை ஏலம் விட்ட இடத்தில் இர்மா அந்தத் துப்பாக்கியை வாங்கினாள். களஞ்சியத்துக் கதவுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ட்டை எந்தப் புண்ணியவானோ அதன் மேலும் அடித்துவைத்திருந்தான். லெஸ்டரும் அன்று அங்கே இருந்தார். எடுத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்கலாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வைத்தார். இர்மா கையைத் தூக்கினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க, நோயாளிகள் போன பிறகு, பல்லில் காரை சுரண்டும் கொக்கியாலேயே அந்தப் பெயின்ட்டைச் சுரண்டினாள். மெருகு போடவில்லை, வார்னிஷ் பூசவில்லை. பழைய துப்பாக்கியைப் புதுசாக்குகிறவனைத் துப்பாக்கி சேகரிப்பவர்கள் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். பச்சைக்குக் கீழே வால்நட் மரம் வந்தது. தோளில் கொக்கிபோல் மாட்டும் பித்தளைக் கட்டை வந்தது. கடைசியில், மார்ச் மாதத்தில், குழலின் அடிப்பக்கத்தில் மில்வாக்கி ஓட்டோ ஃபிங்க்கின் முத்திரையும் ஓர் எண்ணும் வந்தன.

ஃபிங்க் செய்த குழல்கள் விரல்விட்டு எண்ணிவிடக் கூடியவை. லெஸ்டருக்குச் சேதி போனபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை என்றார்கள். மறுநாள் தன்னுடைய பழைய இரும்புப் பெட்டியைக் கிளறினார். எங்கோ சில்லறைச் சாமான்களோடு வந்து சேர்ந்திருந்த ஒரு பொய்வாயில் அதே முத்திரை, அதே எண். அன்றிலிருந்து துப்பாக்கியை விற்றுவிடு என்று அவர் கேட்பார், பொய்வாயைக் கொடுத்துவிடு என்று அவள் கேட்பாள். பொய்வாய்க்கு என்ன விலை என்றால், "அதுக்கு விலையே கிடையாது," என்பார் லெஸ்டர், எப்போதும் அதே சிரிப்போடு. இர்மா வேறு வழியில்லாமல் குண்டையும் பின்வழியாகவே போட்டுச் சுட்டாள். சுமாராகத்தான் சுட்டாள். ஆனால் வருடம் தவறாமல் சுட்டாள்.

இப்போது அதற்கும் வேட்டு வைத்துவிட்டார்.

மே மாதத்தில் ஆர்வில் க்ராஃப்ட் கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்தார். சீஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சங்கத்தின் செயலாளரும் சுடுகளத்தின் பொறுப்பாளரும் அவர்தான். இரண்டு தரப்புக்கும் நல்லவர், அதனால் இரண்டு தரப்பிடமும் பேச்சு வாங்குகிறவர். நாற்காலியில் சாய்வதற்கு முன்னாலேயே வந்த விஷயத்தைச் சொன்னார்.

"லெஸ்டர் ஒரு சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கான். வருஷாவருஷம் போட்டிக்குப் பொய்வாயை இரவல் தரானாம். நீ பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சாப் போதும். உன் காலத்துக்கு அப்புறம் துப்பாக்கி அவன் வீட்டுக்குப் போகும்னு சங்கத்துல எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லணும்."

"வாயைத் திற."

"கேளு இர்மா. உனக்குப் பிள்ளையா குட்டியா? நீ போன பிறகு அது யார் சுவத்துல தொங்கினா உனக்..."

மீதி வார்த்தையைப் பஞ்சு அடைத்துக்கொண்டது. இர்மா உறிஞ்சுகுழாயை அவர் வாயில் மாட்டிவிட்டு நிதானமாகப் பேசினாள்.

"அவன் சுவத்துல நாப்பது துப்பாக்கி இருக்கு. நாப்பதும் நல்ல துப்பாக்கி. அதுல ஒண்ணாவது வெடிச்சுக் கேட்டிருக்கியா? நீயும் நானும் சாகறதுக்கு முன்னாடி கேக்கப்போறதும் இல்ல. என்னோடதை நான் பச்சைப் பெயின்ட்டுக்குள்ளேருந்து வெளிய கொண்டுவந்தேன் ஆர்வில், திரும்பக் கண்ணாடிக்குள்ள போட்டு அடைக்கறதுக்கா?"

ஆர்வில் "ஆங்" என்றார்.

"அப்புறம் இன்னொண்ணு. செத்தப்புறம் கொடுக்கறேன்னு இன்னைக்குச் சொன்னா, நாளையிலேருந்து அது அவன் துப்பாக்கி. நான் காவல்காரி. இன்னும் கொஞ்சம் திற."

வீறாப்பாகத்தான் பேசினாள். ஆனால் ஆர்வில் மரத்துப்போன கன்னத்தோடு போன பிறகு, நாற்காலியைத் துடைத்துக்கொண்டே, சரி என்று சொல்லிவிட்டால்தான் என்ன என்று அவள் யோசித்ததும் உண்மை. அந்தத் துப்பாக்கியை முழுசாக ஒரு தடவையாவது சுட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் பதினோரு வருடமாக இருந்தது. அவளுக்குப் பெரிய பேராசைகள் கிடையாது. இருந்த ஒன்று இதுதான்.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கொட்டகைக்குப் பின்னால் சாசேஜ் வறுபடும் புகை, பித்தளை வாத்தியக்காரர்களின் அலறல், பீர்ப் பீப்பாய்க்கு முன்னால் வரிசை. சுடும் கொட்டகைக்கு எதிரே கொஞ்ச தூரம் புல்தரை, அதைத் தாண்டிக் கோரை மண்டிய சதுப்பு, சதுப்புக்கு அப்பால் மேட்டடியில் இருநூறு கஜத்தில் குறிப்பலகைகள். எல்லோரும் நின்றபடிதான் சுட வேண்டும். காலையில் லெஸ்டர் வழக்கம்போலச் சங்கத்தின் பழைய விதிகளை உரக்க வாசித்தார். வழக்கம்போல ஒருவரும் கேட்கவில்லை.

இர்மா துப்பாக்கியோடு வந்து இறங்கினாள்.

"இர்மா," என்றார் ஆர்வில் தயங்கி. "விதி..."

"சுடக்கூடாதுன்னுதானே விதி? கொண்டுவரக்கூடாதுன்னு இல்லையே. என் பேரைப் பட்டியல்ல போடு. என் முறை வர்றப்ப நான் எழுந்து நிக்கறேன், லெஸ்டர் வந்து எல்லார் முன்னாடியும் என்னைத் தடுக்கட்டும். வாக்கெடுப்புல கையைத் தூக்கினவங்களும் அதை நின்னு பாக்கட்டும்."

ஆர்வில் பெருமூச்சு விட்டுப் பெயரைப் போட்டார்.

அவள் முறை வருகிற நேரத்துக்குச் சரியாக லெஸ்டர் மறுபடி கொட்டகைக்கு வந்தார். கூடவே மில்வாக்கியிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர், பெயர் ஹால்வர்சன், அவரும் பழந்துப்பாக்கி சேகரிப்பவர். லெஸ்டரின் கையில் வெல்வெட் பெட்டி. கொட்டகையின் நடுவே குண்டு திணிக்கிற நீண்ட மேசை இருந்தது. அதன் மேல் பெட்டியை வைத்து, மூடியைத் திறந்து, இர்மா பார்க்கும்படி திருப்பிவைத்தார்.

"பாருங்க ஹால்வர்சன், வேடிக்கையை. ஊருக்கெல்லாம் பொய்ப்பல் கட்டறவ, சொந்தத் துப்பாக்கிக்கு ஒரு பொய்வாய்க்கு வழியில்லாம நிக்கறா." பிறகு குரலைத் தணித்து, இனிப்பாக, "ஒரே ஒரு வார்த்தை இர்மா. இங்கயே, இப்பவே சொல்லு. உடனே எடுத்துச் சுடு," என்றார்.

இர்மா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். மேசைக்கு வந்தாள். பெட்டிக்குள்ளிருந்து பொய்வாயை எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"என் முறை. சுடப்போறேன்."

"வார்த்தை கொடுத்தியா? அது என்னோடது!"

"மேசை மேல இருக்கே."

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். சங்கம் தொடங்கிய காலத்தில் இந்தப் பண்ணைக்காரர்களிடம் ஆளுக்கொரு சாமான் இருந்ததில்லை. ஒருவனிடம் அளவுக்கரண்டி இருக்கும், இன்னொருவனிடம் திணிகோல் இருக்கும். அதனால் ஒரு வழக்கம் வைத்தார்கள்: திணிக்கும் மேசையின் மேல் எதை வைத்தாலும், முறை வந்தவன் கேட்காமலே எடுத்துப் பயன்படுத்தலாம், சுட்டு முடித்ததும் திருப்பி வைத்துவிட வேண்டும். தரமாட்டேன் என்று சொன்ன ஒருவரை அந்தக் காலத்தில் சங்கத்தை விட்டே நீக்கியிருக்கிறார்கள். மேசையில் குண்டு திணித்துப் பழகியவன் எவனும் தன் அருமையான சாமானை அதன் மேல் வைக்க மாட்டான். கண்ணாடிப் பெட்டிக்காரர் வைத்துவிட்டார்.

எல்லோரும் ஆர்விலைப் பார்த்தார்கள். ஆர்வில் தன் பூட்ஸைப் பார்த்தார். வாழ்நாளில் ஒருமுறை ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"மேசை மேல வெச்சது மேசையோடது," என்றார். "காலையில நீதானே வாசிச்சே, லெஸ்டர்."

லெஸ்டரின் கழுத்து சிவந்தது. விருந்தாளி பக்கத்தில் நிற்கிறாரே என்ற நினைவு வந்ததும் சிரித்துவைத்தார். "சரி, சரி. சுடட்டும். ருசி பாக்கட்டும்."

இர்மா அதற்குள் பொய்வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேற்புறத்தில் ஓர் இடம் மட்டும் பளபளவென்று புது இரும்பாகத் தெரிந்தது.

"இங்க ஒரு குமிழ் இருந்திருக்குமே. எங்க?"

"அதுவா? அசிங்கமா ஒரு முடிச்சு துருத்திக்கிட்டு இருந்தது. எவனோ பின்னாடி ஒட்டவெச்சது. பெட்டியில சரியா உக்காரல, அரத்தால ராவி எடுத்துட்டேன்."

ஹால்வர்சன் இருமினார். பீர் புரையேறியதுபோல் கொஞ்ச நேரம் இருமினார்.

"லெஸ்டர், நீ நல்லா இருப்பே," என்றாள் இர்மா. கோபத்தில் அவள் குரல் தணிந்துவிடும். அவளிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு அது தெரியும். "அது ஃபிங்க்கே வெச்ச குமிழ். பொய்வாயைக் கழட்ட மறந்து எவனாவது துப்பாக்கியைத் தூக்கினான்னா, அந்தக் குமிழ் குறிபாக்கற கண்ணை மறைக்கும். மறைச்சா ஞாபகம் வரும். அது இல்லேன்னா மறந்துபோய்ச் சுட்டுருவான், பொய்வாய் பறந்துரும். ஒரு நூறு வருஷமா அதைக் காப்பாத்திக்கிட்டு இருந்ததை நீ ராவி எடுத்துட்டே."

"மறக்கறவனுக்குத்தான் குமிழ் வேணும். நீ மறக்காதே," என்றார் லெஸ்டர்.

அவள் துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி, பொய்வாயைக் குழலின் வாயில் வைத்தாள். நான்கு முளைகளும் நான்கு துளைகளில் இறங்கின. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. இணைந்த இடத்தில் விரலை ஓட்டினால் நகம் தட்டவில்லை. இர்மா இத்தனை பேருக்கு நடுவில் அழுது தொலைக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

குண்டைத் திணித்தாள். பொய்வாயைக் கழற்றி மேசையில் வைத்தாள். மருந்துக் கூட்டைப் பின்னால் செருகி, சுடும் கோட்டுக்குப் போய் நின்று, பித்தளைக் கொக்கியைத் தோளில் மாட்டினாள். இந்தத் துப்பாக்கிகளுக்கு இரண்டு விசை. முதலாவதைச் சொடுக்கிவிட்டால் இரண்டாவதன் மேல் மூச்சுப் பட்டாலே போதும். வெடித்தது. ஆர்வில் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தார். கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். மறுபடி தொலைநோக்கியில் பார்த்தார்.

"இருபத்தஞ்சு," என்றார். அதற்கு மேல் அந்தக் குறிப்பலகையில் எண் கிடையாது.

பத்து வேட்டுப் போட்டி அது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று குண்டுகள் அந்த நடுவளையத்துக்குள்ளேயோ அதை ஒட்டியோ போய் விழுந்தன. வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு வந்தார்கள். சாசேஜ் திருப்புகிறவன் இடுக்கியோடு வந்து நின்றான். இர்மாவுக்கு யாரும் கண்ணில் படவில்லை. பதினோரு வருடமாக இந்தத் துப்பாக்கி சுமாராகத்தான் சுடும் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அந்த நினைப்புக்காக அதனிடம் மன்னிப்புக் கேட்கலாம்போல் இருந்தது. இவ்வளவு சந்தோஷம் தன் வயதில் இனி கிடைக்காது என்று நினைத்தாள். ஒன்பதாவது வேட்டுக்குப் பிறகு மேசைக்குத் திரும்பியபோது, அடுத்த வருடம் என்ன செய்வது, யாரை வைத்து லெஸ்டரிடம் பேசுவது, எந்த வார்த்தையைச் சொன்னால் சொன்னதுபோலவும் சொல்லாததுபோலவும் இருக்கும் என்று அவள் மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் லெஸ்டரின் குரல் கேட்டது. ஹால்வர்சனிடம் பேசிக்கொண்டிருந்தார். கேட்டால் கேட்கட்டும் என்கிற குரல்.

"பாத்தீங்களா முகத்தை? இனிமே இது இல்லாம அவளால சுடவே முடியாது. அடுத்த வருஷம் தானா வந்து நிப்பா பாருங்க. இது என் கையில இருக்கற வரைக்கும் அவ என் கையில."

இர்மாவின் கை நின்றது. அவமானத்தால் காது சுட்டது. ஏச்சாக இருந்திருந்தால் திருப்பி ஏசியிருப்பாள். அந்த ஆள் சொன்னது உண்மை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பொய்வாயை மாட்டினாள். கடைசிக் குண்டை வைத்து, கோலால் சீராக உள்ளே தள்ளினாள். கோலை உருவி மேசையில் வைத்தாள். வலது கை பழக்கத்தில் பொய்வாயின் மேல் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. குழலும் அதுவும் ஒரே இரும்பாக வெதுவெதுப்பாக இருந்தன. பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

மருந்துக் கூட்டைப் பின்னால் செருகிக் கோட்டுக்குப் போனாள். எல்லோருடைய கண்ணும் குறிப்பலகையின் மேல் இருந்தது. ஆர்விலின் கண் தொலைநோக்கியில். துப்பாக்கியைத் தூக்கினாள். முன்பக்கம் கொஞ்சம் கனத்தது. கண்ணுக்கும் குறிக்கும் நடுவில் எதுவும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியதை லெஸ்டர் ராவி எடுத்துவிட்டாரே. முதல் விசையைச் சொடுக்கினாள். இரண்டாவதைத் தொட்டாள்.

வெடிச்சத்தத்தோடு ஏதோ ஒன்று வெயிலில் ஒருமுறை மின்னி, புல்தரைக்கு மேலே உருண்டு உருண்டு பறந்து, கோரைக்கு நடுவே போய் விழுந்தது. சதுப்பில் அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள் வாயை மூடிக்கொண்டன.

முதலில் புரிந்தது ஹால்வர்சனுக்குத்தான். "ஐயோ," என்று வாய்மேல் கைவைத்துக்கொண்டார். லெஸ்டர் மேசையைப் பார்த்தார், காலியான வெல்வெட் பெட்டியைப் பார்த்தார், பிறகு சதுப்பைப் பார்த்தார். அவரிடமிருந்து வந்த சத்தத்தை எந்த வார்த்தை என்று சொல்ல முடியாது.

ஆர்வில் ஓடிவந்தார். துப்பாக்கி வாயைத் தொட்டுப் பார்த்தார், இர்மாவின் தோளைப் பிடித்தார். நல்ல மனிதர். அவளுக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தார்.

"மறந்துட்டே இல்ல, இர்மா? குமிழ் வேற இல்ல. யாரா இருந்தாலும் மறந்திருப்பாங்க."

"மறக்கல," என்றாள் இர்மா.

"இர்மா..."

"மறக்கல ஆர்வில். எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. தொப்பியைக் கொண்டா."

பொய்வாயைச் சுட்டுத் தொலைக்கிறவர்களுக்கென்று சங்கத்தில் ஒரு தண்டனை உண்டு. பால் ஊற்றுகிற தகரப் புனலைக் கவிழ்த்துச் செய்த ஒரு தொப்பி, அதன் நுனியில் ஒரு மாட்டுமணி. அன்று முழுக்க அதைப் போட்டுக்கொண்டு திரிய வேண்டும், எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். ஏன் சுட்டாய் என்று அந்த வழக்கம் கேட்பதில்லை. ஏனென்றால் வேண்டுமென்றே அப்படிச் சுடுகிற ஒரு பிறவி இருக்கும் என்று அதை ஏற்படுத்தியவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

"போலீஸுக்குப் போறேன்!" என்று கத்தினார் லெஸ்டர். "என் பொருளை நாசம் பண்ணிட்டா! எல்லாரும் பாத்தீங்கல்ல?"

"விலை சொல்லு, கொடுத்துடறேன்," என்றாள் இர்மா.

"விலையா? அதுக்கு விலையே..." லெஸ்டர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லு லெஸ்டர். பதினோரு வருஷமா சொன்னதுதானே."

தொப்பி வந்தது. இர்மா இரண்டு கையாலும் வாங்கி, நேராக வைத்து, தாடைக்குக் கீழே நாடாவைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் நடந்த இடமெல்லாம் மணி கேட்டது. பீருக்குப் பணம் கட்டினாள். உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும் தட்டு நிறைய வாங்கித் தின்றாள். வாத்தியக்காரர்கள் போல்கா வாசித்தபோது, புனல் தொப்பியோடு, தன்னைக் கூப்பிட்ட ஒவ்வொருவரோடும் ஆடினாள். ஏப்ரலில் கை தூக்கியவர்கள்தான் அதிகம் கூப்பிட்டார்கள். கடைசிக் குண்டு குறிப்பலகையின் ஓரத்தில் எங்கோ பட்டிருந்ததால் போட்டியில் வென்றது ஒரு பால்பண்ணைக்காரர். அவரை யாரும் கவனிக்கவில்லை.

இர்மா வருத்தப்படவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் போன பிறகு, பிக்கப் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, துப்பாக்கியை மடியில் போட்டு, குழல் வாயில் இருந்த நான்கு துளைகளையும் ஒவ்வொன்றாகத் தடவினாள். பொய்வாய் பறக்கும்போது ஒரு முளை ஒடிந்து துளைக்குள்ளேயே நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் அழுதாள். வாய்விட்டே அழுதாள். இந்தத் துப்பாக்கி இனி எவன் கையிலும் முழுசாகாது, அப்படி ஆக்கியது தன் கைதான் என்று அவளுக்குத் தெரியும். தொப்பியைக் கழற்ற மறந்திருந்ததால் ஒவ்வொரு விம்மலுக்கும் மணி அடித்தது.

லெஸ்டர் போலீஸுக்குப் போகவில்லை. போனால் மேசை வழக்கத்தையும் குமிழையும் நீதிபதி முன்னால் சொல்ல வேண்டியிருக்கும். பல்லுக்கு மட்டும் நாற்பது மைல் தள்ளி வேறொரு டாக்டரிடம் போக ஆரம்பித்தார். அந்த இலையுதிர்காலத்தில் ஞாயிறுதோறும் இடுப்புவரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கயிற்றில் கட்டிய காந்தத்தோடு சதுப்பில் இறங்கித் தேடினார். லாடம் கிடைத்தது. பீர்ப் பீப்பாய் வளையம் கிடைத்தது. ஒருமுறை அவர் தேடிக்கொண்டிருக்கையில் இர்மா பயிற்சிக்கு வந்து, வெகுநேரம் கொட்டகையில் காத்திருந்துவிட்டு, "லெஸ்டர், கொஞ்சம் வெளிய வர்றியா? நீ நடுவுல நின்னா சுட முடியாது," என்று கத்தினாள். அவர் வந்தார்.

அடுத்த ஏப்ரலில் விதியை மாற்றப் பார்த்தார். பொய்வாய் இல்லாத எந்தத் துப்பாக்கியையும் சுடக் கூடாது என்று கொண்டுவந்தார். சங்கத்தில் பாதிப்பேர் துப்பாக்கிக்கு அது இல்லை. விதைப்பாவது ஒன்றாவது, ஒரு கைகூட மேலே போகவில்லை. அதனால் பழைய விதியே நின்றது, அவர் எழுதியபடியே.

ஜூன் வந்தது. இர்மா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். ஆர்வில் பட்டியலைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"மில்வாக்கி ஓட்டோ ஃபிங்க் குழல். இதோட பொய்வாய் இன்னும் இருக்கா? யாராவது இருக்குன்னு சொல்றீங்களா?"

எல்லோரும் லெஸ்டரைப் பார்த்தார்கள்.

"சதுப்புல எங்கயோ..." என்று ஆரம்பித்தார் லெஸ்டர்.

"அப்ப எடுத்துட்டு வா," என்றார் ஆர்வில். "மேசை மேல வை."

லெஸ்டர் கோரையைப் பார்த்தார். தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"இருக்கா, இல்லையா?"

"இல்ல," என்றார் லெஸ்டர், உதட்டுக்குள்.

இர்மா குண்டைப் பின்வழியாகப் போட்டு மூடினாள். துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்து சொல்லு லெஸ்டர். பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."